ஐ.பி. போடப் போற மருமவனுக்கு

வா மருமவனே, குந்து. ஐ.பி., அதான் திவால் மனு, போடப் போறியாமே! கேட்டதுலேர்ந்து எனக்குப் பெருமை தாங்கல. நம்ம பாகூர் வம்சத்துல இதுவரைக்கும் ஏரித் தண்ணிக்கும் வரப்புக்கும்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கோம். மஞ்சக் கடுதாசி குடுக்கற அளவுக்கு ஒருத்தனும் முன்னேறல. டவுனுல செல்போன் கட வச்சி நீ முன்னேறிட்ட.

வெக்கப்படாத. நம்ம பாண்டிச்சேரிக்கு இது புதுசில்ல. பீச்சோட தென்கோடியில செலயா நிக்கறாரே துய்ப்ளே தொர, அவரு கவர்னரா இருந்தப்ப பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி சண்டைக்கு சொந்தப் பணத்த எடுத்துக் கொட்டினாரு. 1754ல பிரான்சுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கினாங்க. என் பணத்தக் குடுங்கன்னு கம்பெனி மேலயே கேசு போட்டாரு. பணம் வர்றதுக்குள்ள, 1763ல பாரீசுல ஓட்டாண்டியா கண்ண மூடிட்டாரு. குடுக்காத கம்பெனியாச்சும் வாழ்ந்துச்சான்னா, அதுவும் கடன்ல முங்கிப் போயி, 1769ல ராசாங்கமே அதோட ஏகபோகத்த நிறுத்திடுச்சு. அவருக்காச்சும் செல வச்சாங்க. உனக்கு பேங்குக்காரன் பேப்பர்ல ஜப்தி நோட்டீஸ் வேணும்னா போடுவான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வெள்ளக்காரன் 1920ல போட்ட மாகாண திவால் சட்டம். பிரெஞ்சுக்காரன் மூட்ட கட்டின பொறவு நமக்கும் வந்து சேந்துச்சு. அதுல ஐ.பி. போட என்னா தகுதி தெரியுமா? கடன அடைக்க வக்கில்லாம இருக்கணும், கடன் 500 ரூவா இருக்கணும். 500 ரூவாப்பா! ஞாயித்துக்கெழம காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றவன்ல பாதிப் பேருக்கு இந்தத் தகுதி இருக்குது.

2016ல புதுச் சட்டம் வந்துடுச்சேன்னு டீக்கடையில எவனாவது சொல்லுவான். வந்துச்சு. ஆனா தனி ஆளுக்கான பகுதிய இன்னும் அமுலுக்குக் கொண்டாரல. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ன பெரிய மனுசங்களுக்கு மட்டும் 2019 டிசம்பர்ல தெறந்து வுட்டாங்க. அந்தச் சட்டத்துல ஏழபாழைக்குக் கடன தள்ளிவுட ஒரு வழி எழுதி வச்சிருக்காங்க: வருச வருமானம் 60,000 தாண்டக் கூடாது, சொத்து 20,000 தாண்டக் கூடாது, கடன் 35,000 தாண்டக் கூடாது, சொந்த வூடு இருக்கக் கூடாது. அதுவும் தூங்குது. முழிச்சாலும் உனக்கு ஆவாது. நீ கட தெறப்பு விழாவுக்கு செண்டமேளம் வச்சவன்.

இப்ப வக்கீல் சமாச்சாரம். மெட்ராஸ் வக்கீல்தான் வேணும்னு பறக்காத. மெட்ராஸ்ல இதே காரியத்துக்கு 1909ல போட்ட வேற சட்டம், ஐகோர்ட்டுல நடக்கும். நீ எங்க குடியிருக்கியோ, எங்க யாவாரம் பண்றியோ, அந்த ஊரு கோர்ட்டுலதான் போடணும். உனக்கு கடலூர் ரோட்டு கோர்ட்டுதான். வாய்தாவுக்கு வாய்தா ஈ.சி.ஆர். சுங்கச் சாவடிக்கு யாரு அழுவறது?

நம்ம ஊரு வக்கீலுங்கள எளப்பமா நெனைக்காத. 1873ல பொன்னுத்தம்பின்னு ஒரு வக்கீல் ஐரோப்பாக்காரனாட்டம் பூட்சு போட்டுக்கினு கோர்ட்டுக்குள்ள நொழஞ்சாரு. ஜட்ஜுக்குப் பொறுக்கல, தண்டன குடுத்துட்டாரு. மனுசன் பாரீசு மேல்கோர்ட்டு வரைக்கும் கொண்டு போயி அத அடிச்சுட்டாரு. ஒரு சோடி பூட்சுக்கு அம்மாந்தூரம் போன ஊரு இது. உன் வக்கீலு வாய்தா அன்னிக்கு கோர்ட்டு வாசல் வரைக்கும் வந்தாலே எனக்கு நிம்மதி.

பங்காளி வரப்புக் கேசுல நான் வயல மிதிச்சத வுட கோர்ட்டு வராண்டாவ மிதிச்சது அதிகம். அதனால சொல்றேன். "கடன் மொத்தத்தையும் தொடச்சுடலாம், கியாரண்டி"ன்னு சொல்ற வக்கீல் கெடச்சா கைமேல காசக் குடுத்துடு. அப்பறம் ஐ.பி.யில அவரு பேரையும் சேத்துக்கலாம். நோட்டீஸ் அடிச்சி, போன்ல விளம்பரம் வுட்டு ஆள் புடிக்கிறவரா? வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்குது. விதிய ஒடச்சி உன்னப் புடிச்சவரு உனக்காக எந்த விதிய காப்பாத்துவாரு? "தள்ளுபடி ஆனதுல எனக்குப் பத்து பர்சென்ட்"ன்னாலும் அதே கததான். ஜெயிச்சா பங்குன்னு பேசறது அவங்க தொழிலுக்கே ஆவாது.

நல்ல வக்கீல எப்பிடிக் கண்டுபுடிக்கறது? மொத நாளே உன்ன எரிச்சல் பண்ணுவாரு. யாரு யாருக்கு எவ்ளோ, எப்ப வாங்கின, எதுக்கு வாங்கின, பத்திரம் எங்க, கணக்கு நோட்டு எங்கன்னு கொடைவாரு. "ஐ.பி. இப்ப வேணாம், மொதல்ல பேங்குல செட்டில்மென்ட் பேசுவோம், லோக் அதாலத்துக்குப் போவோம்"ன்னு தனக்கு வர்ற ஃபீசயே கொறச்சுக்குவாரு. அப்பிடி ஒருத்தரு கெடச்சா காலுல வுழு. முன்ன ஐ.பி. நடத்தியிருக்காரா, வாய்தாவுக்கு அவரே வருவாரா ஜூனியர அனுப்புவாரான்னு கேளு. ஃபீச எழுதி வாங்கு. வக்காலத்துல கையெழுத்துப் போடு. வெத்துத் தாள்ல போடாத. அப்பிடிப் போட்டுப் போட்டுத்தான் தண்டல்காரன்கிட்ட இந்த நெலமைக்கு வந்த.

ஃபீசுக்கும் வழியில்லன்னா கோர்ட்டுலயே எலவச சட்ட உதவி இருக்குது, 15100க்கு போன் போட்டா சொல்லுவாங்க. 1987ஆம் வருசச் சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காமலே வக்கீல் குடுப்பாங்க. குழுக் கடன் உம் பொண்டாட்டி பேருலதான இருக்குது? அவ போவலாம். நீ பின்னால பைய தூக்கிக்கினு போ.

வைத்தியன்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. நீதான் கெட்டிக்காரனாச்சே, ரெண்டு பேருகிட்டயும் சொல்லுவ. வில்லியனூர் மனைய பொண்டாட்டி பேருக்கு தானம் எழுதி வச்சிட்டு, "எனக்குன்னு ஒண்ணுமில்லீங்க"ன்னு கைய விரிக்கலாம்னு பாக்கறியா? பேஷ்! ரெண்டு வருசத்துக்குள்ள அப்பிடி எழுதினத ரத்து பண்ணுங்கன்னு கோர்ட்டு நியமிக்கற ரிசீவர் கேப்பாரு, கோர்ட்டும் பண்ணும். மச்சானுக்கு மட்டும் போன மாசம் ரகசியமா செட்டில் பண்ணினியே, மூணு மாசத்துக்குள்ள அப்பிடி ஒருத்தனுக்கு மட்டும் சலுக காட்டினதும் செல்லாமப் போவும். சொத்த மறைச்சது, கணக்க அழிச்சது தெரிஞ்சா ஒரு வருசம் வரைக்கும் உள்ள வப்பாங்க. ஜெயிலுல வட்டி இல்லதான், ஆனாலும் யோசி.

ஐ.பி.ங்கறது வைத்திக்குப்பத்து மாசிமகத் தீர்த்தவாரி இல்ல, ஒரு முங்கு போட்டா எல்லாம் போச்சுன்னு வர்றதுக்கு. மனு போட்ட அன்னிக்கே கடன்காரன் ஓடிட மாட்டான். நீ திவால்தான்னு கோர்ட்டு உத்தரவு போடணும். போட்டா உன் சொத்து ரிசீவர் கைக்குப் போயிடும். சட்டி பானை, துணிமணி, பாய் படுக்கை, தொழில் கருவி, பொண்டாட்டி தாலி இதெல்லாம் தொட மாட்டாங்க. அடகு வச்ச நகையையும் வூட்டையும் அடகு புடிச்சவன் தனியா வித்துக்குவான். சர்க்காருக்குக் கட்ட வேண்டியது போவாது. ஜீவனாம்சம் போவாது. செக்கு திரும்பின கேசு வேற, அது கிரிமினல்.

அப்பறம்தான் விடுதலைன்னு ஒண்ணு கேக்கணும். சொத்து வித்த காசு கடனுல ரூவாய்க்கு எட்டணாவாச்சும் தேறலன்னா, அது உன் கைமீறி நடந்ததுன்னு நீ காட்டணும். ஒழுங்காக் கணக்கு வச்சியா, ஆடம்பரம் பண்ணியா, சூதாடினியான்னெல்லாம் பாப்பாங்க. செண்டமேளத்துக்கு பில்லு இருக்குதா? குடுத்த கெடுவுக்குள்ள விடுதல கேக்காம வுட்டா, திவால் உத்தரவே ரத்தாயிடும். எல்லாரும் மறுபடி வாசல்ல வந்து குந்துவாங்க.

விடுதல ஆவற வரைக்கும் எம்.எல்.ஏ. ஆவ முடியாது. இந்த ஊருல 30 சீட்டு இருக்குதுன்னு நீ கண்ட கனவ மடிச்சு வச்சுடு. 50 ரூவாயோ அதுக்கு மேலயோ கடன் வாங்கினா, "நான் திவாலானவன்"னு சொல்லிட்டு வாங்கணும். மறைச்சா ஆறு மாசம். 1920ல 50 ரூவாய்க்கு மாடு வாங்கலாம். இப்ப பரோட்டாக் கடையில அக்கவுண்டு சொல்றதுக்கே நீ பிரகடனம் படிக்கணும்.

இவ்ளோ அக்கறையா மாமன் எதுக்குப் பேசறான்னு முழிக்கிற இல்ல? பேங்கு லோன் பத்திரத்துல ஜாமீன் கையெழுத்து யாருதுன்னு எடுத்துப் பாரு. கடனாளி விடுதல ஆனாலும் ஜாமீன்தாரன் விடுதல ஆவ மாட்டான்னு அந்த 1920ஆம் வருசச் சட்டத்துல 44ஆம் பிரிவு சொல்லுது. நீ டவுனுல மஞ்சக் கடுதாசி குடுத்தா தபால்காரன் பாகூருக்குத்தான் வண்டிய வுடுவான்.

கேலி போவட்டும். காலைல 8 மணிக்கு முன்னயும் சாயங்காலம் 7 மணிக்குப் பின்னயும் வசூல்காரன் போன் போட்டு மெரட்டக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்குது. மெரட்டறத எழுதி வை. ஏழையா இருக்கறதுக்காக ஒருத்தனக் கடனுக்கு ஜெயில்ல போட முடியாதுன்னு 1980லயே சுப்ரீம் கோர்ட்டுல கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதிட்டாரு. நொடிச்சுப் போறது குத்தமில்ல, ஒளிச்சு வக்கறதுதான் குத்தம். பேங்குல பேசு, லோக் அதாலத்துல பேசு. ஒண்ணும் ஆவலன்னா நிமிந்து போயி ஐ.பி. போடு, நானே கூட வர்றேன். இன்னிக்கு ராத்திரி குந்தி கடன்காரங்க பேரு, வெலாசம், தொகை எல்லாத்தையும் ஒண்ணு வுடாம எழுது. சட்டமும் அதத்தான் கேக்குது. போன பொங்கலுக்கு எங்கிட்ட வாங்கின கைமாத்தையும் சேத்து எழுது.