வெள்ளைக்கு மரியாதை

முகப்பேரில் குக்கீ சுடாத வீடெல்லாம் இனி ஒரு வீடா? சுட்டால் மட்டும் போதாது. வெள்ளைச் சாக்லேட்டில் பாதி முக்க வேண்டும். முக்காத பாதி, உள்ளே குக்கீ இருப்பதற்கான அத்தாட்சி.

அசல் வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் உண்டு. கோகோத் தூள் கிடையாது. சாக்லேட்டையே சிவப்பழகாக்கிய இந்தச் சாதனையை, முகத்துக்கு க்ரீம் பூசும் நாம் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவது? ஒரே சங்கடம், அதை 28, 29 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். சித்திரையில் நம் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு.

ஆகவே விவேகிகள் 'காம்பவுண்ட்' சாக்லேட் கட்டியை வாங்குகிறார்கள். விலை குறைவு, பளபளப்பு அதிகம், வெயிலுக்கும் அஞ்சாது. கோகோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு. 1937-இல் டால்டாவாக வந்து, மாரடைப்புப் பயத்தில் நாம் அடுக்களையை விட்டு விரட்டியதும் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்புதான். அதனாலென்ன? இது பேக்கிங் கடையிலிருந்து வருகிறது.

மருமகள் நீட்டிய குக்கீயை மாமியார் கடித்தார். கண்கள் விரிந்தன.

"எத்தனை வருஷமாச்சு! டால்டா எங்கேம்மா கிடைச்சுது?"

"அத்தே, இது பெல்ஜியம் ஸ்டைல்!"

"பாவம், அங்கேயும் நெய் விலை ஏறிடுச்சா?"