இடமா, வலமா?

கேள்வி: சித்திரமில்லாத ஜப்பானியக் கிமோனோவை நம்மவர்கள் உடுத்துவது கஷ்டமா? (ஒரு வாசகி, ஈக்காட்டுத்தாங்கல்)

பதில்: ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் ஒரு முழத்துக்குக் குறைந்த அகலமும் கொண்ட துணிச்சுருளை நேர்நேராக வெட்டித் தைத்து, ஒரே வர்ணத்தில் மிளிரும் ‘இரோமுஜி’ என்னும் அந்த எளிய வகையை, புடவையில் கொசுவம் வைத்துப் பழகிய நம் ஸ்திரீகள் சுலபமாகவே உடுத்திவிடலாம், உயரத்துக்கு மிஞ்சியதை இடுப்பில் மடித்துக் கயிற்றால் கட்டி, மேலே ‘ஓபி’ என்னும் கச்சையைச் சுற்றினால் தீர்ந்தது. ஆனால், வலப்புறத்தை உடலோடு ஒட்டவைத்து அதன்மேல் இடப்புறத்தைப் போர்த்த வேண்டும் என்பது 719-ஆம் ஆண்டு அரசாணை முதல் அங்கே அனுஷ்டிக்கப்படும் நியதி. மாற்றிப் போர்த்துவது பிரேதங்களுக்கே உரியது. கண்ணாடியைப் பார்த்து உடுத்துவோர் ஜாக்கிரதை! மற்றபடி, ஈக்காட்டுத்தாங்கல் வெயிலுக்குப் பட்டு உதவாது. பருத்தியில் தைத்த ‘யுகாதா’ வாங்கிக்கொள்ளுங்கள்.