குழி வெட்டிப் பிழைத்த ஊர்

பூமிக்கடியில் ரயில் விட்டதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக் கோலாலம்பூர் மார்தட்டும்போது, காஜாங்குக்குப் பக்கத்துச் செமினிக்காரர்களான எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். கோலாலம்பூர் பிறந்ததே குழி வெட்டத்தானே!

1857ல் கிள்ளான் ராஜா அப்துல்லாவுக்கு ஈயத்தின் மீது ஆசை வந்தது. ஆசை அவருடையது, மண்வெட்டி மட்டும் அடுத்தவருடையது. மலாக்கா வியாபாரிகளிடம் 30,000 வெள்ளி கடன் வாங்கி, 87 சீனர்களைப் படகேற்றி அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம்வரை படகு. அப்புறம் அம்பாங் காட்டுக்குள் நடை. ஒரே மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர். மற்றவர்களை மலேரியா கொண்டுபோனது. ராஜா அசரவில்லை, இன்னும் 150 பேரை அனுப்பினார். மனிதவள மேம்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

ஈயம் கிடைத்தது, அத்தாப்புக் கூரைகளோடு ஊரும் முளைத்தது. 1881ல் தீ தின்றது. தின்ற மிச்சத்தை அதே ஆண்டு வெள்ளம் கழுவிவிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த சுவெட்டன்ஹம் துரை, "இனிமேல் செங்கல்தான்" என்றார். செங்கல்லுக்கு மறுபடி மண் தோண்ட வேண்டும். அப்படிச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886ல் ஈயம் ஏற்றிப்போகக் கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. ரயில் பாதைகளில் வெயில் காய நம் ஆட்கள், கணக்கெழுதிக் கொடியாட்ட யாழ்ப்பாணத்தார், லாபம் எண்ணத் துரைமார். பல்லினக் கூட்டுறவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஈயம் ஓய்ந்தது, கை ஓயவில்லை. சுங்கை பூலோ – காஜாங் எம்ஆர்டி ரயில் தடம் திறந்தபோது 51 கிலோமீட்டர், அதில் 9.5 கிலோமீட்டர் பூமிக்கடியில், ஏழு நிலையங்களோடு. அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் குகைகள். இயற்கை முன்கூட்டியே தோண்டி வைத்த இடத்தில் கொஞ்சம் அசந்தால் மேலே உள்ள ரோடு கீழே வந்து நலம் விசாரிக்கும். அதனால் சேற்றுக்குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொண்டே துளைக்கும் எந்திரத்தை உலகிலேயே முதன்முதலாக இங்கே இறக்கினார்கள். 2017 ஜூலை 17ல் சுரங்க நிலையங்கள் திறந்தன. அவற்றில் ஒன்று துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச். மேலே அந்த மனைத் திட்டத்தைத் தொடங்கியது அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி. அவர்கள் கஜானாவைத் தோண்டியதற்கு எந்திரமே தேவைப்படவில்லை.

வெள்ளைக்காரன் ரயில் காஜாங்கைத் தொட்டு, செமினியைத் தொடாமல் பாங்கி பக்கம் போனது. எம்ஆர்டியோ காஜாங்கிலேயே நின்றுகொண்டது. தோண்டிய ஊருக்குத்தான் ரயில் போலிருக்கிறது. எங்கள் தோட்டங்களில் இருந்தவை கித்தா மரங்கள். அவற்றைச் சீவத்தான் முடிந்தது.