ஜூரிக்குப் பாடம், திருத்திய பதிப்பு

உடற்காய இழப்பீட்டு வழக்குகளில் சட்டம் இன்னதென்று ஜூரிகளுக்கு நீதிபதி வாசித்துக்காட்டும் ஆயத்த வாசகங்களே மாதிரி அறிவுறுத்தல்கள். 1938 முதல் கலிபோர்னியாவில் நூல்வடிவில் வழங்கிவரும் இவற்றைத் தொடக்கத்தில் வகுத்த நீதிபதிகளும் வழக்கறிஞர்களும், மேல்முறையீட்டில் குறை காணப்படாதிருக்க எடுத்துக்கொண்ட சிரமத்தில் ஒரு பங்கையேனும் கேட்பவருக்குப் புரியவேண்டுமென்பதில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1991-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், ஏரியில் மூழ்கி இறந்த 12 வயதுச் சிறுவனை உடன் அழைத்துச்சென்ற குடும்பத்தார் கவனக்குறைவாக இருந்தனர் என்று ஏற்ற ஜூரி, அக்கவனக்குறைவு சாவுக்குக் காரணமன்று என்றும் முடிவுசெய்திருந்தது. காரணம் எது என்பது பற்றிய பழைய அறிவுறுத்தல் காலத்தாலும் இடத்தாலும் மிக அருகிலுள்ள காரணத்தையே ஜூரியைத் தேடவைக்கிறது என்று கண்ட நீதிமன்றம், விளைவில் கணிசமான பங்கு வகித்தது எது என்று கேட்கும் அளவுகோலே போதும் என்றது. மிக அருகில் இருந்தது தண்ணீர்தான் என்பதில் ஜூரியைக் குறைசொல்ல இடமில்லை.

2003-இல் எளிய நடையில் புதிய தொகுப்பு வந்தது. அம்மாநில நீதித்துறைப் பேரவையின் குழுவொன்று வரைவு தயாரித்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, ஆண்டுக்கு இருமுறை அதைத் திருத்துகிறது. வழக்கைப் பற்றி இணையத்தில் தேடாதீர், எவரோடும் பகிராதீர் என்று அதில் ஜூரிகளுக்கு விதிக்கப்படும் தடையும் கைக்கருவிகளின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மூச்சிரைத்து ஓடுகிறது. எனினும் செழித்து வளர்வது ஒவ்வோர் அறிவுறுத்தலின் அடியிலும் வழக்கறிஞர்களுக்கென அச்சிடப்படும் பயன்பாட்டுக் குறிப்புகளும் தீர்ப்பு மேற்கோள்களுமே. எளிமையாக்கப்பட்ட நான்கு வரிகளுக்குக் கீழே பக்கக்கணக்கில் நீளும் அப்பகுதியை ஜூரிகளுக்கு எவரும் வாசித்துக்காட்டுவதில்லை.