வாந்தி குடித்து வாங்கிய பட்டம்

நம்மூரில் முனைவர் பட்டம் வாங்குவதற்குள் கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போடவேண்டும், வைவா அன்று வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போடவேண்டும். இதற்கே பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். 1804இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்ட ஆய்வேடு சமர்ப்பித்த ஸ்டபின்ஸ் ஃபிர்த் என்ற பிள்ளையாண்டான் அதற்காக அடுத்தவன் எடுத்த வாந்தியைக் குடித்தார். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இலையை மூடிவிட்டு வரவும்.)

விஷயம் இதுதான். 1793இல் ஃபிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் 5,000 பேர் செத்தார்கள். அப்போது அதுதான் தலைநகரம். ஜனாதிபதி வாஷிங்டனே மூட்டைகட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் நடுங்கினார்கள். காய்ச்சல் முற்றினால் வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் கன்னங்கரேலென்று வாந்தியாக வரும். பக்கத்தில் எவன் போவான்?

நம்ம ஃபிர்த் போனார். "இது ஒட்டுவாரொட்டியே அல்ல, நிரூபிக்கிறேன் பார்" என்று கிளம்பினார்.

முதலில் ஒரு நாய். கறுப்பு வாந்தியில் ரொட்டியைத் தோய்த்துப் போட்டார். மூன்று நாளில் நாய்க்கு ருசி கண்டுவிட்டது; ரொட்டியே வேண்டாம், தொட்டுக்கொள்வதை மட்டும் போடு என்றது. காய்ச்சல் வரவில்லை.

அடுத்து மனிதப் பரிசோதனை. ஆள் தேடி அலையவில்லை. தன் கையையே கீறி, புது வாந்தியைத் தடவிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் சொட்டு விட்டார். அதற்கும் அசையவில்லை. மூன்று அவுன்ஸ் வாந்தியை இரும்பு வாணலியில் காய்ச்சி, ஆவி பிடித்தார். நமக்குச் சளி பிடித்தால் நொச்சி இலை, அவருக்கு இது. ஆவி போக மிஞ்சியதை மாத்திரையாக உருட்டி விழுங்கினார். கடைசியில் அரை அவுன்ஸில் தண்ணீர் கலந்து குடித்தார். பிறகு தண்ணீர் எதற்கு என்று அப்படியே குடித்தார். ஆசாமி கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பட்டமும் வந்தது.

கூத்து என்னவென்றால், அவர் சொன்னது பாதி சரி. தொட்டால் மஞ்சள் காய்ச்சல் ஒட்டாது. எதனால் வருகிறது என்பதைத்தான் கோட்டைவிட்டார். குற்றவாளி கொசு. ஊரெல்லாம் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்த கொசுவை விட்டுவிட்டு வாணலிக்குள் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கொசுதான் என்று ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொன்னார். இருபது வருஷம் அவரைக் கேலி செய்தார்கள். 1900இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு கியூபாவில் இறங்கியது. இரண்டு வீடு கட்டினார்கள். ஒன்றில் நோயாளிகளின் வாந்தியும் மலமும் அப்பிய படுக்கையில் மூன்று பேர் இருபது ராத்திரி தூங்கினார்கள். நாற்றம் குடலைப் புரட்டியது, காய்ச்சல் வரவில்லை. இன்னொன்று படு சுத்தம், உள்ளே கொசு மட்டும். காய்ச்சல் வந்தது. அதற்கு முன்பே குழுவிலிருந்த ஜெஸ்ஸி லசியர் கொசுக்கடியால் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஃபிர்த் செய்யாத ஒன்றை ரீட் செய்தார். கடிபட வந்த ஸ்பானியக் குடியேறிகளிடம் ஸ்பானிஷிலேயே ஒப்பந்தம் எழுதி வாங்கினார். வந்தால் 100 டாலர், தங்கமாக. காய்ச்சல் கண்டால் இன்னும் 100. இந்தத் தீவில் இருந்தால் எப்படியும் உனக்கு வரத்தான் போகிறது, எங்களிடம் வந்தால் நல்ல வைத்தியமாவது கிடைக்கும் என்று ஒரு சமாதானமும் இருந்தது. அடகுக்கடை ரசீதைவிடக் கெட்டியான நிபந்தனை கடைசியில்: நடுவில் கம்பி நீட்டினால் காசு கிடையாது.

ஆராய்ச்சிக்காரர்கள் இன்று நம்மிடம் நீட்டும் ஒப்புதல் படிவத்தின் கொள்ளுத்தாத்தா அந்தக் காகிதம். பேரன் கொஞ்சம் திருந்தியிருக்கிறான்: "எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று ஒரு வரி அதில் இருக்கும். அடுத்த தடவை எவராவது கேள்வித்தாளோடு வீட்டு வாசலில் வந்து நின்றால், கையெழுத்துப் போடுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மோர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.