வெள்ளிக்காசுப் பீரங்கி

1786-ஆம் ஆண்டு பினாங்குக் கரையில் இறங்கிய பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர், காடு வெட்ட வந்த கூலியாட்களின் சோம்பலைக் கண்டு, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பி வனாந்தரத்துக்குள் சுட்டார் என்றும், காசு தேடும் ஆவேசத்தில் புதர்களெல்லாம் ஒழிந்தன என்றும் ஓர் ஐதிகம் உண்டு. அந்தப் பினாங்கின் ஜோர்ஜ் டவுன் நகருக்கு முதன்முறை வந்து, இரண்டே தினங்களில் திரும்பிப் போகும் யாத்திரிகர்கள் அந்தச் சம்பிரதாயத்தை இன்றளவும் கைவிட்டாரில்லை. காசை இறைப்பவர்களும் தேடுபவர்களும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவே.

1801-இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் தோன்றிய மகா மாரியம்மன் ஆலயமும், சீனரின் குவான் யின் கோயிலும், செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் அக்கம்பக்கமாக நிற்க, அவற்றைக் கடைக்கண்ணாலும் நோக்காமல் விரைந்து, லித்துவேனிய ஓவியர் ஒருவர் 2012-இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் தீட்டிய குழந்தைகளின் சைக்கிளருகே உச்சிவெயிலில் வரிசையில் நின்று, அதைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டு, புராதன நகரத்தைத் தரிசித்துவிட்டதாகப் பரமதிருப்தி அடைகிறார்கள் இந்த மகானுபாவர்கள். யுனெஸ்கோ சபையார் 2008-இல் வழங்கிய பாரம்பரியப் பட்டம் சைக்கிளுக்கே என்று இவர்களில் யாரேனும் எண்ணினாலும் வியப்பில்லை.

கார்ன்வாலிஸ் கோட்டையில் வைக்கப்பட்ட லைட்டின் சிலையோ இன்னும் விசேஷம். அவருடைய உருவப்படம் கிடைக்காமையால், அடிலெய்டு நகரை வகுத்த புதல்வர் வில்லியத்தின் முகச்சாயலையே தந்தைக்குச் சூட்டினார்கள் என்பார்கள். வழிகாட்டி இதை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்குகையில், நாசி கண்டார் சோற்றுக் கடையின் வரிசை நீள்கிறதே என்ற கவலையில் கூட்டம் பாதி கலைந்துவிடுகிறது.