உடைந்த பருப்புக் கணக்கு

தமிழ் தலைவாஸ் அணியின் வருங்காலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உள்ள தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கபடி ஆடியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கார்னரில் நிறுத்தினார்கள். பாடி வந்தவன் என்னைத் தொடுவதற்குள் நானே கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். இன்றைய உடல்நிலையில் திண்ணையிலிருந்து எழுந்திருக்கவே எனக்கு ஒரு சுவரும் ஒரு மகளும் வேண்டும். ஆனால் 2017-இல் அந்த அணி புரோ கபடிக்குள் வந்ததிலிருந்து, தோற்கிற ஆட்டத்தையும் கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்க்கிறவன் கந்தர்வக்கோட்டையில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஜெயிக்கிற ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நிறைய ஓய்வு நேரம் கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் டிவி சும்மா ஓடாது. ஊரே முந்திரி ஊர். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு மனைவி காய்ந்த பருப்பைத் தாம்பாளத்தில் கொட்டி என் முன்னால் வைத்துவிடுவாள். தோலுரித்து, முழுப் பருப்பு தனி, உடைந்தது தனி என்று பிரித்துத் தர வேண்டும். முழுசுக்கு ஒரு விலை, உடைந்ததற்கு அதைவிடக் குறைந்த விலை. இருபது நிமிடம் கொண்ட முதல் பாதியில் என் விரல்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். இரண்டாம் பாதியில் நம் ஆள், புள்ளி எடுத்தே தீர வேண்டிய டூ ஆர் டை ரெய்டுக்குப் போவான். எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்பார்கள். இங்கே என் கட்டைவிரல் தானாக இறுகும். அடுப்படியிலிருந்து வருகிறவள் டிவியைப் பார்க்க மாட்டாள், தாம்பாளத்தைத்தான் பார்ப்பாள்.

“என்னங்க, இன்னைக்கும் தோத்துட்டாங்களா? கால்கிலோ உடைஞ்சு கிடக்கு.”

ஸ்கோர் போர்டு தப்பாகலாம், அவள் கணக்குத் தப்பாது.

அந்தக் கணக்கில் முதல் மூன்று சீசன்களும் பெருநஷ்டம். சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர் என்று வந்து இறங்கினார்கள். கேப்டன் அஜய் தாக்கூர் அந்த முதல் வருடம் ஒற்றை ஆளாக இருநூறுக்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். அணி தன் பிரிவில் கடைசி. அடுத்த சீசன் நடந்துகொண்டிருந்தபோது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் படுத்துவிட்டன, கரண்டு வருமென்ற பேச்சே இல்லை. அந்த இருட்டில், தலைவாஸ் எங்கோ ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று மனதார நம்பினேன். ரசிகனாக என் வாழ்வின் இனிய நாட்கள் அவை. கரண்டு வந்தது, சீசன் முடிந்தபோது மறுபடியும் பிரிவில் கடைசி. 2019-இல் ராகுல் சௌத்ரியையும் சேர்த்துக்கொண்டார்கள். அஜய், ராகுல், மஞ்சீத் சில்லர் மூவரும் ஒரே அணியில். கோப்பை வைக்க அலமாரியில் இடம் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

இந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு நல்ல வருடம் உண்டு. எனக்கு அரசியலைவிட அதிகம் புரியாத வருடமும் அதுதான். 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையே 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. குஜராத்துடன் முதல் ஆட்டம். சில நிமிடங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் பவன். சீசன் முழுவதும் வரவில்லை. அன்று நான் உடைத்த பருப்பை மனைவி எடை போடக்கூட இல்லை, நேரே பாயசத்தில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நரேந்தர் என்ற புதுப்பையன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி குவித்தான். சாகர், சாஹில் குலியா இரண்டு பேரும் கார்னரில் நின்று வருகிறவன் காலையெல்லாம் பிடித்தார்கள். உ.பி. யோதாஸை டைபிரேக்கரில் வென்று அரையிறுதி போனோம். அங்கே புனேயிடம் 37–39. இரண்டே இரண்டு புள்ளி! அன்று தாம்பாளத்தில் ஒரு முழுப் பருப்புகூட மிஞ்சவில்லை.

பெரிய விலை கொடுத்த ஆள் இல்லாதபோது அணி ஆடியது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். உரிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்தார்கள். ஒன்பதாவது இடம். அதற்கு முந்தின வருடமும் ஒன்பதாவது இடம்தான், அதைச் செலவில்லாமல் வாங்கியிருந்தோம்.

இனி 2025. அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி. பழைய பவனும் 59.5 லட்சத்துக்குத் திரும்பி வந்தார். ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38–35 என்று வென்றதும் நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் பாம்பென்று நினைத்துக் கம்பெடுத்து வந்தார். சில ஆட்டங்களிலேயே பவன் அணியை விட்டுப் போனார். அர்ஜுன் பாடினார், பாடினார், தொண்டை வற்றப் பாடினார். பின்னால் பிடிக்க ஆள் வேண்டுமே! பன்னிரண்டில் எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்றில் இடமென்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குள்ளும் நுழைய முடியவில்லை. எங்களிடம் தோற்ற டைட்டன்ஸ் உள்ளே போயிற்று. கோப்பை தபாங் டெல்லிக்கு.

என் அம்மாவுக்கு இந்தப் புள்ளி விவரமெல்லாம் வேண்டாம். கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு சீசனிலும் ஒரே கேள்வி.

“ஏய்யா, இதுல நம்மூருப் பய யாரு?”

நான் இமாச்சலம், ஹரியானா, ராஜஸ்தான் என்று இழுப்பேன். சோனிபட்டும் ரோத்தக்கும் எனக்கு இப்போது பங்காளி வீடுகளைவிட நன்றாகத் தெரியும். 2024-இல் ஒரு பதில் இருந்தது: “அந்தா ஓரத்துல உட்கார்ந்திருக்காரு பாரு, தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர்ப் பக்கம். பயிற்சியாளர்.”

“உட்கார்ந்திருக்கவன் எப்படிய்யா ஆடுவான்?”

ஆடியவர்தான். நாற்பதைத் தாண்டியும் ஆடியவர். 2016-இல் கேப்டனாகக் கோப்பையே வாங்கினார், பாட்னாவுக்கு.

ஆகவே என் ஆலோசனை. முதலில், பிடிக்கிற கார்னருக்கும் கவருக்கும் பணத்தைக் கொட்டுங்கள். பயிற்சியாளரைத் தீபாவளிச் சட்டையாக வருடாவருடம் மாற்றாதீர்கள். அப்புறம், எங்கள் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளுக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். மண்ணில் ஆடுகிற பையனுக்கு மேட்டும் ஷூவும் பழக இரண்டு வருடம் ஆகும், ஆகட்டுமே. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிகளில் வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். வடுவூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? தஞ்சாவூரில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடலாம்.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஏலத்துக்கு முன் அணிகள் யாரை வைத்துக்கொள்வது, யாரை ரிலீஸ் செய்வது என்று முடிவெடுக்கும் என்பதை மகள் அவள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். மனைவி தாம்பாளத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள்.

“அப்பாவ ரிலீஸ் பண்ணிரலாமாம்மா?” என்றாள் மகள்.

“பண்ணலாம்டி. ஏலத்துல கேக்க ஆள் வேணுமே.”

அடிப்படை விலைக்கே என்னை வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. அடுத்த சீசனிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் தாம்பாளத்தைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை.